ஒரே சின்னம், பல மொழிகள்: கட்டற்ற திட்டங்களில் தீராத ஒரு வழக்கு

பல மொழிகளில் இயங்கும் ஒரு கட்டற்ற திட்டம் எல்லா மொழிகளிலும் ஒரே சின்னத்தைத் தாங்க வேண்டுமா? மென்பொருளோ கலைக்களஞ்சியமோ அகராதியோ, தன்னார்வலர்கள் கூடிச் செய்யும் எந்தப் பணியிலும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்துவிடுகிறது. வணிக நிறுவனத்துக்கு இதில் சிக்கல் குறைவு. தலைமையகம் ஒரு வடிவத்தைத் தீர்மானித்தால் கிளைகள் அதை ஏற்று மாட்டிக்கொள்ளும். கட்டற்ற திட்டங்களில் அப்படி ஆணையிடும் இடம் பெரும்பாலும் இல்லை. பெயருக்கும் சின்னத்துக்கும் சட்டப்படி உரிமை கொண்ட ஓர் அறக்கட்டளை இருந்தாலும், நாள்தோறும் எழுதியும் திருத்தியும் மொழிபெயர்த்தும் வருபவர்கள் அதன் ஊழியர்கள் அல்லர். அவர்களை இணங்கவைக்க முடியுமே தவிரப் பணிக்க முடியாது.

இதுவரை வந்த விடைகள் மூன்று பக்கம் நிற்கின்றன. எங்கும் ஒரே முகம் வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு மொழிச் சமூகமும் தன் முகத்தைத் தானே தேர்ந்துகொள்ளட்டும் என்பது மற்றொன்று. நடுவில் ஒரு கருவை மட்டும் பூட்டி வைத்துவிட்டு மற்றவற்றைத் திறந்துவிடலாம் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் வலுவான காரணங்கள் உண்டு. மூன்றும் ஓரிடத்தில் தடுக்கி விழுகின்றன. சின்னம் ஒன்றா பலவா என்று எண்ணிப் பார்ப்பதிலேயே இந்த விவாதம் தேங்கிவிட்டது என்றும், அந்த நிலை தேர்வால் வந்ததா கவனிப்பாரின்மையால் வந்ததா என்ற கேள்விதான் முக்கியமானது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

விக்சனரியின் நீண்ட வழக்கு

இந்தக் கேள்விக்கு விக்சனரியைப் போல விரிவான ஆவணம் வேறு எங்கும் கிடைப்பது அரிது. விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான இந்தப் பன்மொழி அகராதி 2002 டிசம்பரில் ஆங்கிலத்தில் தொடங்கியது. அதன் முதல் சின்னத்தை மீடியாவிக்கி மென்பொருளின் நிரலாளர் பிரையன் விப்பர் வடிவமைத்தார். அச்சு அகராதியின் ஒரு பதிவைப் போன்ற தோற்றம் அது: விக்சனரி என்ற தலைச்சொல், பக்கத்தில் பலுக்கல் குறிப்பு, இலக்கண வகை, கீழே ஒரு சிறு பொருள் விளக்கம். ஆங்கிலத்தில் அழகான எண்ணம்தான். ஆனால் முழுக்க எழுத்தாலான சின்னம் ஒரு மொழிக்குள் மட்டுமே உயிரோடிருக்கும். பிரெஞ்சுக்கும் கொரியனுக்கும் அதை எடுத்துச் செல்பவர் அதை மொழிபெயர்த்தால் போதாது, புதிதாகவே வரைய வேண்டும். வரைந்த பின் இரண்டும் ஒரே சின்னமாகத் தெரியுமா என்பதும் ஐயம்.

இதைச் சரிசெய்ய 2006 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விக்கித் திட்டங்களின் ஒருங்கிணைப்புத் தளமான மேல்விக்கியில் நான்கு கட்டமாக ஒரு போட்டி நடந்தது. மூன்றுக்கு மூன்று என்று அடுக்கிய மரச்சில்லுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எழுத்துமுறையின் ஓர் எழுத்து என்ற வடிவம் வென்றது. முடிவு வந்ததும் வழக்கு முடியவில்லை. வாக்களித்தவர்களில் விக்சனரியில் உண்மையாக உழைப்பவர்கள் எதிர்பார்த்த அளவு இல்லை. சொல்லாக்க விளையாட்டின் காய்களை நினைவூட்டுகிறது என்ற குறையும் எழுந்தது. பெரிய பதிப்புகள் பல பழைய எழுத்துச் சின்னத்தையே வைத்துக்கொண்டன. சில பதிப்புகள் சில்லுகளுக்கு மாறின. 2009 ஏப்ரலில் மீண்டும் ஒரு போட்டி. விரித்து வைத்த அகராதி நூல் ஒன்றின் படம், 2006-இன் சில்லுகளை நேருக்கு நேர் வாக்கில் வென்றது. பிறகு அதைச் செப்பனிட்டு நடைமுறைப்படுத்தும் வேலை பாதியில் நின்றுபோனது. ஒன்றாக்கப் புறப்பட்ட இரண்டு முயற்சிகளின் விளைவாக, ஒரு சின்னம் இருந்த இடத்தில் மூன்று சின்னங்கள் நின்றன.

அடுத்து நடந்தது பெரிதாகப் பேசப்படாத ஒன்று. எனக்கு இந்த வரலாற்றில் முதன்மையாகப் படுவது அதுதான். 2012-இல் 55 விக்சனரிகள் சில்லுச் சின்னத்தின், தத்தம் மொழிக்கேற்ப அமைத்த வடிவத்தைப் பெற்றன. அதுவரை அவை தாங்கியிருந்தது ஆங்கில விக்சனரியின் சின்னம். வேறொரு மொழியின் அகராதி, தன் முகப்பில் ஆங்கிலத் தலைச்சொல்லையும் ஆங்கிலப் பொருள் விளக்கத்தையும் ஏந்தி ஆண்டுக்கணக்கில் நின்றிருக்கிறது. எதையும் மாற்றாவிட்டால் இயல்பாக வந்து அமர்வது அந்தப் படம்தான் என்பதே காரணம் எனலாம். 2016 ஜூலையில் ஆங்கில விக்சனரியும் சில்லு வடிவத்தின் ஒரு வகைக்கு மாறியது. அப்போதைய கணக்கின்படி 135 பதிப்புகள், அதாவது மொத்தப் பதிவுகளில் 61 விழுக்காடு, சில்லுகளின் கீழ் வந்திருந்தன. 33 பதிப்புகள் எழுத்துச் சின்னத்திலும் 3 பதிப்புகள் நூல் சின்னத்திலும் இருந்தன.

இந்த எண்களை வைத்து இரண்டு முகாம்களுமே வெற்றி கொண்டாடலாம். பத்தாண்டுகளில் பெரும்பான்மை ஓரிடம் சேர்ந்துவிட்டது என்பார் ஒருவர். பத்தாண்டுகளாகச் சேராமலே அகராதி வளர்ந்தது என்பார் மற்றவர். ஆனால் 2012-க்கு முன் அந்த 55 பதிப்புகளை எந்தக் கணக்கில் வைப்பது? ஆங்கிலச் சின்னத்தைத் தாங்கியிருந்ததால் அவை ஒருமையின் பக்கமா, புதுச் சின்னத்தை ஏற்காததால் தன்னாட்சியின் பக்கமா? இரண்டும் இல்லை. படத்தை மாற்றித்தர ஆளில்லாத பதிப்புகள் அவை. வாக்கெடுப்புகள் சாதிக்காததை, கோப்புகளைச் செய்து கொடுத்த உழைப்பு ஒரே ஆண்டில் சாதித்தது. அதிலும் அந்தந்தச் சமூகம் எவ்வளவு தூரம் கேட்கப்பட்டது என்ற கேள்வி மிச்சமிருக்கத்தான் செய்கிறது.

ஒரே முகம் என்னும் வாதம்

ஒருமை வேண்டுவோரின் முதல் காரணம் அடையாளம் காணுதல். வாசகர் ஒரு பக்கத்துக்கு வந்ததும் இது எந்தத் திட்டம், நம்பலாமா என்று ஒரு நொடியில் தெரிய வேண்டும். பெரிய மொழிகளைவிடச் சிறிய மொழிகளுக்கே இந்த வாதம் கூடுதலாகப் பொருந்துகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவின் வாசகர் வேறு மொழிப் பதிப்பின் பக்கம் போகாமலே இருந்துவிடலாம். தமிழ் வாசகர் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே மாறி மாறிப் போகிறவர். ஆங்கிலத்தில் பார்த்துப் பழகிய, புதிர்த் துண்டுகளாலான விக்கிப்பீடியாவின் புதிர்க்கோளத்தைத் தமிழ்ப் பக்கத்திலும் காணும்போது, இதுவும் அதே நெறிகளின்படி எழுதப்படும் கலைக்களஞ்சியம் என்ற உறுதி அவருக்குக் கிடைக்கிறது. பெரிய மொழி ஈட்டிய நற்பெயரில் சிறிய மொழிக்கு ஒரு பங்கு சின்னத்தின் வழியாக வந்து சேர்கிறது. தன்னாட்சியை வலியுறுத்துவோர் இந்தப் புள்ளியைப் போதிய அளவு எடைபோட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது காரணம் சட்டம். வணிகக்குறியை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்த விட்டுவிட்டால், உரிமையாளர் அந்த உரிமையையே இழக்க நேரலாம். இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு மென்பொருள் உலகுக்கு வெளியே இருக்கிறது. வேண்டாத பொருளைக் குப்பையில் போடாமல் தேவைப்படுவோருக்கு இலவசமாகக் கொடுக்கும் ஃப்ரீசைக்கிள் இயக்கம் 2003-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் தொடங்கி, ஊருக்கு ஊர் தன்னார்வக் குழுக்களாகப் பரவியது. கலிஃபோர்னியாவின் சன்னிவேல் குழு பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தியபோது, வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு மேல் தலைமை பெரிதாக எதையும் கேட்கவில்லை. பின்னர் இரு தரப்புக்கும் பகை மூண்டு வழக்கானது. தரத்தின் மீது உரிமையாளர் மெய்யான கட்டுப்பாடு எதையும் செலுத்தவில்லை, ஆகவே குறியைக் கைவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று 2010-இல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன்னார்வ அமைப்பு என்பது விலக்குக்குப் போதிய காரணமாகவில்லை. தளர்வான கிளைகளைக் கொண்ட எந்தத் திட்டமும் அஞ்ச வேண்டிய தீர்ப்பு இது.

ஆயினும் இதைக் காட்டி ஒரே வடிவம் சட்டக் கட்டாயம் என்று சொல்வது மிகை. நீதிமன்றம் தேடியது ஒப்பந்தமும் மேற்பார்வையும் தரக் கண்காணிப்பும் இருந்தனவா என்பதை. கோடும் நிறமும் எங்கும் ஒன்றாக இருந்தனவா என்பது அங்கே மையக் கேள்வியாக இருக்கவில்லை. ஒரு மொழிச் சமூகம் ஒப்புதலோடு ஒரு மாற்று வடிவத்தை வைத்துக்கொள்வதும், உரிமையாளர் கண்ணை மூடிக்கொள்வதும் ஒன்றாகா. விக்கிப்பீடியா, விக்சனரி ஆகியவற்றின் சின்னங்களுக்கு உரிமையுள்ள விக்கிமீடியா அறக்கட்டளை 2014-இல் திருத்திய வணிகக்குறிக் கொள்கை, தன் தளங்களுக்குள் சமூகத்தினர் சின்னங்களைத் தாராளமாகப் பயன்படுத்தவும் மாற்றியமைக்கவும் இடம் தருகிறது. வெளி வணிகத்துக்கு மட்டும் கடுமை காட்டுகிறது. அதே ஆண்டு புதிர்க்கோளம் உள்ளிட்ட சின்னங்களின் பதிப்புரிமையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. பாதுகாப்பும் நெகிழ்வும் ஒரே கொள்கையில் அமையலாம் என்பதற்கு இது சான்று.

கட்டுப்பாடு இறுகினால் என்ன ஆகும் என்பதை கட்டற்ற இயங்குதளமான டெபியனும் மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் காட்டின. ஃபயர்ஃபாக்ஸின் சின்னப் படம் கட்டற்ற உரிமத்தில் இல்லை என்பதால் டெபியன் அதை விலக்கியது. சின்னம் இல்லாமலும், தான் ஒப்புதல் தராத மாற்றங்களோடும் தன் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றது மொசில்லா. 2006-இல் டெபியன் பயனர்களுக்கு அதே உலாவி ஐஸ்வீசல் என்ற பெயரில் வந்தது. பழைய பெயர் திரும்ப 2016 ஆயிற்று. ஒருமையைக் காக்க எடுத்த நிலைப்பாடு, பத்தாண்டுக்கு இரண்டு பெயர்களையும் இரண்டு முகங்களையும் கொடுத்தது.

தன்னாட்சி வாதமும் அதன் வேரும்

மொழிச் சமூகங்கள் பிரிந்து போகவும் முடியும் என்பதில்தான் தன்னாட்சி வாதத்தின் வலு இருக்கிறது. 2002-இல் விளம்பரம் வரக்கூடும் என்ற அச்சத்தில் ஸ்பானிய விக்கிப்பீடியாவின் பங்களிப்பாளர்கள் பலர் விலகி, என்சிக்ளோபீடியா லிப்ரே என்ற தனிக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். காரணம் சின்னம் அல்ல. ஆனால் கேட்காமல் முடிவெடுத்தால் ஒரு மொழிச் சமூகம் முழுதாகவே எழுந்து போய்விடும் என்ற பாடம் அதற்குப் பின் நடந்த ஒவ்வொரு விவாதத்துக்கும் பின்புலமாக நிற்கிறது. உள்ளடக்கம் கட்டற்ற உரிமத்தில் இருப்பதால் எடுத்துச் செல்லத் தடையில்லை. பெயரும் சின்னமும் மட்டுமே எடுத்துச் செல்ல முடியாதவை. அதனால்தான் அவற்றின் மீது இவ்வளவு இழுபறி.

2013-இல் விக்கிமீடியா சமூகச் சின்னத்தை அறக்கட்டளை வணிகக்குறியாகப் பதிவு செய்தபோது, தன்னார்வலர்கள் சிலர் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பதிவையே எதிர்த்து மனுச் செய்தார்கள். சமூகத்தின் பொதுச்சொத்தாக வரைந்து கொடுக்கப்பட்ட ஒன்றை எந்த அமைப்பும் தனக்கென்று பதிந்துகொள்ளக் கூடாது என்பது அவர்கள் நிலை. கலந்தாய்வுக்குப் பின் அறக்கட்டளை பதிவைத் திரும்பப் பெற முன்வந்தது. 2020-இல் இன்னும் பெரிய மோதல். அறக்கட்டளையும் அதைச் சூழ்ந்த தன்னார்வ இயக்கமும் விக்கிப்பீடியா என்ற பெயரை ஏற்கலாம் என்ற முன்மொழிவு, வுல்ஃப் ஓலின்ஸ் என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் துணையோடு முன்வைக்கப்பட்டது. பல நாட்டுக் கிளை அமைப்புகளும் பங்களிப்பாளர்களும் பகிரங்கக் கடிதத்தில் கையொப்பமிட்டு எதிர்த்தார்கள்; அறங்காவலர் குழு பணியை நிறுத்தி வைத்தது. 2023 ஏப்ரலில் ரஸ்ட் நிரல்மொழியின் அறக்கட்டளை வெளியிட்ட வணிகக்குறி வரைவுக்கும் அதே கதி: கடும் எதிர்ப்பு, பிறகு திருத்தம். இந்த மூன்று நிகழ்வுகளிலும் யாரும் கோட்டின் வளைவைப் பற்றிச் சண்டையிடவில்லை. முடிவெடுக்கும் இடத்தில் தங்களுக்கு இருக்கை உண்டா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

இந்த வாதத்தின் பலவீனம், சமூகம் என்ற சொல்லுக்குள் இருப்பவர் எத்தனை பேர் என்பதைச் சொல்லாமல் விடுவது. பெரிய பதிப்பில் நூற்றுக்கணக்கானோர் வாதிட்டு எடுக்கும் முடிவும், சிறிய பதிப்பில் இரண்டு மூன்று பேர் கூடி எடுக்கும் முடிவும் தன்னாட்சி என்ற ஒரே பெயரைப் பெறுகின்றன. விக்சனரியின் 55 பதிப்புகளைப் போன்றவற்றுக்கு, நீங்களே முடிவெடுங்கள் என்பது எதுவும் நடக்காது என்பதற்கு இன்னொரு பெயர். கைவிடுவதையும் சுதந்திரம் தருவதையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது.

எழுத்து எழுப்பும் தடைகள்

அதிகாரத்தைப் பற்றிய இந்த விவாதத்துக்கு அடியில் எழுத்து வடிவம் சார்ந்த தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று இருக்கிறது. விக்கிப்பீடியாவின் கதை அதைத் தெளிவாகக் காட்டுகிறது. தொடக்க ஆண்டுகளில் அதற்கும் எழுத்துச் சின்னம்தான்: தாமஸ் ஹாப்ஸின் லெவியத்தான் நூற்பகுதி ஒன்று உருண்டையில் சுற்றிய தோற்றம். 2003-இல் நடந்த பன்னாட்டுப் போட்டியில் பால் ஸ்டான்சிஃபரின் புதிர்க்கோளம் வென்று, டேவிட் ஃப்ரீட்லேண்டின் கையில் சாம்பல் நிறக் கோளமாக, துண்டுக்கு ஓர் எழுத்தாக மாறியது. எல்லா மொழிக்கும் உரியது என்று சொல்லும் வடிவம். ஆனால் அதில் இருந்த தேவநாகரி 'வி' பிழையானது. மெய்யெழுத்துக்கு முன்னால் வரவேண்டிய உயிர்க்குறி பின்னால் நின்றது. ஜப்பானியத் துண்டிலும் அம்மொழியில் வழங்காத ஒரு சேர்க்கை. 2007-இல் நியூயார்க் டைம்ஸ் இதைப் பற்றி எழுதியது. 2010-இல் கோளத்தை முப்பரிமாணத்தில் புதிதாக உருவாக்கியபோதுதான் பிழைகள் நீங்கின. அதுவரை இந்தி, மராத்தி, நேபாளி, சமற்கிருதப் பதிப்புகள் தங்கள் எழுத்தைத் தவறாகக் காட்டும் சின்னத்தைத் தங்கள் முகப்பிலேயே தாங்கியிருந்தன. ஒரே கோப்பு எங்கும் போகும்போது பிழையும் எங்கும் போகிறது. திருத்தும் திறன் உடையவர்கள் ஓரிடத்தில், திருத்தும் அதிகாரம் வேறிடத்தில்.

பெயர் எழுதும் பகுதியில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. ஆங்கிலத்தில் முதல் எழுத்தான டபிள்யூவும் கடைசி எழுத்தான ஏயும் நடுவில் உள்ளவற்றைவிட உயர்ந்து நின்று பெயருக்கு இரு தூண்கள் போல அமைகின்றன. டபிள்யூவின் இரண்டு கைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. 2010-இல் எழுத்துருவை லினக்ஸ் லிபர்டைன் என்ற கட்டற்ற எழுத்துருவுக்கு மாற்றியதன் நோக்கங்களில் ஒன்று, எல்லா மொழியினரும் உரிமச் சிக்கலின்றித் தங்கள் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்பது. அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடும் இல்லை. ஆகவே அந்த இரு தூண்களுக்கு இங்கே வேலை கிடையாது. 'விக்கிப்பீடியா' என்று எழுதிப் பார்த்தால் வியின் கொக்கியும், மெய்களின் புள்ளிகளும், பீயின் சுழியும் வரிக்கு மேலே இடம் கேட்கின்றன. டியா என்று முடியும்போது அகலம் இழுத்துக்கொண்டு போகிறது. கோளத்தின் அகலத்துக்குள் பெயரை அடக்க எழுத்தைச் சுருக்கினால், புள்ளிகள் கைப்பேசித் திரையில் கரைந்துவிடும். எழுத்துத் தடிமன், வரி உயரம், கோளத்துக்கும் பெயருக்கும் நடுவிலான இடைவெளி ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தமிழறிந்த ஒருவர் பார்த்து முடிவு செய்தாக வேண்டும். லத்தீன் எழுத்தை அளவுகோலாக வைத்து எழுதிய வழிகாட்டு நூல் இதற்கு விடை சொல்லாது. ஒருமை என்பது ஒரு கோப்பைப் பிரதியெடுப்பதோடு முடிவதாக எண்ணுவோர், தங்கள் எழுத்துமுறைக்கு இந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டதை மறந்துவிடுகிறார்கள்.

கருவைப் பூட்டி, ஓரத்தைத் திறந்து

மூன்றாவது வழி ஒருமை, தன்னாட்சி ஆகிய இரண்டையும் சமன்செய்ய முயல்கிறது. டெபியன் 1999 முதலே இரண்டு சின்னங்களை வைத்திருக்கிறது. சிவப்புச் சுழி எல்லாருக்கும். சுழி ஒரு குடுவையிலிருந்து எழும் வடிவம் அதிகாரபூர்வப் பயன்பாட்டுக்கு மட்டும். வேர்ட்பிரஸ் தன் வட்ட டபிள்யூவைக் கண்டிப்பாகக் காக்கிறது. ஆனால் ஜப்பானியப் பயனர் சமூகத்துக்காக ஓவியர் கசுகோ கனேயுச்சி வரைந்து 2011-இல் வெளியான வாப்பு என்ற மஞ்சள் குட்டி விலங்கு, குனு பொது உரிமத்தில் இருப்பதால் உலகெங்கும் உடை மாற்றிக்கொள்கிறது. அந்தந்த ஊர் மாநாட்டுக் குழுக்கள் தங்கள் வாப்புவுக்குத் தொப்பியும் உடையும் கருவியும் கொடுக்கின்றன. அது கட்டிப்பிடித்திருக்கும் பந்தில் மட்டும் அதே டபிள்யூ. மையத்தில் பிறக்காத, ஒரு மொழிச் சமூகத்தில் பிறந்த உருவம் திட்டம் முழுவதற்கும் செல்லமானது என்பது இதில் கவனிக்கத்தக்கது. ஒரு மொழிச் சமூகத்தில் பிறக்காவிட்டாலும், பலரும் மாற்றி வரைந்துகொள்ளும் செல்ல உருவம் என்ற அளவில் ரெனே ஃப்ரெஞ்ச் வரைந்த கோ நிரல்மொழியின் கோஃபரும் இதே வகை.

எனக்கு இவ்வழி மற்ற இரண்டைவிட ஏற்புடையதாகத் தெரிகிறது. ஆனாலும் இதன் எல்லையைச் சொல்லியாக வேண்டும். செல்லப்பிராணி மாநாட்டுச் சட்டையில் மகிழ்ச்சி தரும். பெயரும் சின்னமும் யாருக்கு உரியவை என்ற சண்டையைத் தீர்க்காது. கரு எது, ஓரம் எது என்று வரையறுக்கும் அதிகாரம் பெரும்பாலும் மையத்திடமே இருக்கிறது. சில சமயம் கருவே ஓர் ஊரில் செல்லுபடியாகாமல் போகும்: பிரேசிலில் ஓப்பன் ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளின் பெயரை ஒத்த பெயர் ஏற்கெனவே வேறொருவருக்குப் பதிவாகியிருந்ததால், அங்குள்ள சமூகம் பிஆர்ஆபிஸ் என்ற பெயரில் இயங்க வேண்டியிருந்தது. 2010-இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து லிப்ரேஆபிஸ் பிரிந்து வந்த பிறகே பொதுப்பெயருக்குத் திரும்ப வழி கிடைத்தது. கருவைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு, கருவே பொருந்தாத இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

எஞ்சி நிற்பவை

இந்த வரலாற்றிலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. எழுத்தாலான சின்னம் மொழி கடக்காது. மேற்பார்வையற்ற ஒப்புதல் சட்டத்தில் நிற்காமல் போகலாம். பங்கேற்பு குறைந்த வாக்கெடுப்பு, வென்ற வடிவத்துக்கு நிலைத்த ஏற்பைத் தராது. மாற்றியமைத்த கோப்பைச் செய்து கையில் கொடுப்பது, செய்துகொள்ளுங்கள் என்று வழிகாட்டி எழுதுவதைவிடக் கூடுதலான மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது.

உறுதியாகச் சொல்ல முடியாதவை இவற்றைவிடப் பெரியவை. சின்னம் வேறுபட்டதால் வாசகர் குழம்பினாரா என்பதற்கு இரு தரப்பும் காட்டும் சான்று பெரும்பாலும் ஊகம்தான். விக்சனரி பத்தாண்டு பல முகங்களோடு வளர்ந்தது என்பது, ஒரே முகத்தோடு கூடுதலாக வளர்ந்திருக்காது என்பதை நிறுவாது. வாக்குரிமை யாருக்கு என்பதும் தீரவில்லை. பங்களிப்பாளர்கள் மட்டும் வாக்களித்தால், சின்னத்தால் பயன்பெறப்போகும் வாசகர் கணக்கில் வரமாட்டார். பதிப்புக்கு ஒரு வாக்கு என்றால் இரண்டு பேர் நடத்தும் பதிப்பும் இருநூறு பேர் நடத்தும் பதிப்பும் சமம். ஆளுக்கு ஒரு வாக்கு என்றால் பெரிய மொழிகள் மற்றவர்களுக்கும் சேர்த்து முடிவெடுக்கும். சிறிய மொழிக்குப் பொதுச்சின்னம் கூடுதல் நன்மை தருகிறது, அந்த மொழிக்கே அதை உருவாக்குவதில் குறைந்த குரல் இருக்கிறது என்ற முரணை இந்த மூன்று முறைகளில் எதுவும் அவிழ்க்கவில்லை. கூலியில்லா உழைப்பில் நடக்கும் திட்டத்தில், தமிழுக்கும் கெமருக்கும் அம்ஹாரிக்கும் பெயரைப் பொருத்தமாக வரைந்து தரும் வேலைக்கு மட்டும் அறக்கட்டளை கூலி கொடுக்க வேண்டுமா, கொடுத்தால் வரைந்ததை ஏற்கும் அல்லது மறுக்கும் உரிமை யாரிடம் இருக்கும் என்பதற்கு இன்னும் ஏற்புடைய நடைமுறை எந்தத் திட்டத்திலும் உருவாகிவிட்டதாகச் சொல்வதற்கில்லை.